வினையெச்சம்

நீதிமன்றத்தில் எனக்கொரு நாற்காலி உண்டு.
உட்கார்ந்ததில்லை.
சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல
நான் மலாயில் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.
முடியட்டும் என்று காத்திருக்க
துவானுக்குப் பொறுமை இல்லை.
காது முன்னே போகும், வாய் பின்னே வரும்,
நடுவில் ஆறேழு சொல் தூரம்.
அந்தத் தூரத்தில்தான் குடியிருக்கிறேன்
பதினேழு வருடமாக, ஜார்ஜ்டவுனில்.

தமிழில் எல்லாமே கடைசியில்தான் தெரியும்.
"நான் அவனை அன்னைக்கு மார்க்கெட்டு வாசல்ல
கையில கட்டையோட..."
என்று இழுப்பார்கள்.
பார்த்தாரா? அடித்தாரா? பார்க்கவே இல்லையா?
மலாயில் 'இல்லை' முன்னாலேயே வந்தாக வேண்டும்.
அதுவரை அந்தக் கட்டையை
நான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நிற்கிற நேரத்தில் மனம் சும்மா இருக்குமா.
சோற்றுக் குக்கர் சுவிட்சைத் தட்டினேனா,
மோட்டார் சம்மன் கட்ட நாளைதானே கடைசி,
சின்னவனுக்கு டியூஷன் நான்கா, நாலரையா.

"ஒரே நேரத்தில் ரெண்டு வேலை, கெட்டிக்காரி நீ"
என்பாள் குமாஸ்தா ஹஸ்னா.
ரெண்டு எங்கே, ஹஸ்னா.
ஒன்றுதான் உள்ளே இருக்கும்.
மற்றது செருப்பைக் கழற்றாமல்
வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வியாழக்கிழமை முதல் வழக்கு பரஞ்சோதி.
பிறையில் கேபிள் திருட்டு, நாற்பது மீட்டர் செம்பு.
ஜாமீன் கட்ட ஆளில்லாமல் மூன்று மாதம் உள்ளே.
தேதியைத் தள்ளிவைத்தார்கள்.
கோப்பை மூடிய சத்தம் எனக்கும் கேட்டது.

தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை,
அடுத்தது கதிரேசன், ஜீவனாம்சம்.
கூண்டில் அவர் மனைவி:
"மூணு மாசமா வீட்டுப் பக்கமே வரல, துவான்."

தெளிவாக, சத்தமாக, நல்ல மலாயில் சொன்னேன்:
பரஞ்சோதி
மூன்று மாதமாக வீடு திரும்பவில்லை.

துவானின் பேனா நின்றது.
கதிரேசன் யாரோ தன் சட்டையைப்
போட்டுக்கொண்டு போவதுபோலப் பார்த்தார்.
பின்வரிசையில்
வழக்கு முடிந்தும் போகாமல்,
கொடுக்க முடியாத சோற்றுப் பொட்டலத்தோடு
உட்கார்ந்திருந்தவள்
ஆமாம் என்று தலையாட்டினாள்.
இரண்டு முறை.

மன்னிப்புக் கேட்டேன். திருத்தினேன்.
பதிவில் அந்தப் பெயரை அடித்தார்கள்.
ஹஸ்னா மிட்டாய் ஒன்றை நீட்டினாள்.
மத்தியானம் இன்னும் நான்கு வழக்கு,
ஒரு பிழையும் இல்லை.

பட்டர்வொர்த் ஃபெரியில் நின்றபடியே வந்தேன்.
இந்தக் கரையை விட்டு
அந்தக் கரையைத் தொடாத அந்தப் பத்து நிமிடத்தை
எனக்கு யாராவது
வழக்குக்கும் வழக்குக்கும் நடுவில் கொடுத்தால் போதும்.

வீட்டில் குக்கர் சில்லென்று இருந்தது.
காலையில் போட்ட அரிசி
தண்ணீரில் உப்பி, வெளுத்து.
"என்ன யோசனை?" என்கிறார் முத்தழகர்.
ஒன்றுமில்லை, சுவிட்சை மறந்துவிட்டேன்.

சுவிட்சு இல்லை.
இன்றைக்குக் கோர்ட்டில் ஒரு பெண்
பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு
யாரும் அவளைக் கேட்காமலே
தலையை ஆட்டி