ஒற்றை விரல்

இரண்டு மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்
வருவது யாரென்று.
சரளைச் சாலையின் புழுதி
உயரமாக, கோபமாக எழுந்தால் ஓரெஸ்ட்.
தரையோடு தரையாக ஊர்ந்தால்
பாதிரியாரின் பழைய பியூக்.
எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தால்
தபால் போட வரும் வாண்டா.

எதிரெதிரே கடக்கும்போது
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழும்.
சுட்டுவிரல். அரை அங்குலம்.
சிரிப்பு கிடையாது. கையசைப்பெல்லாம்
வெளியூர்க்காரர்கள் செய்வது.
சஸ்காச்சுவானில், எங்கள் பக்கத்தில்,
அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ஓரெஸ்ட் தன் நிலத்துக் குட்டையை
ஒரே ராத்திரியில் வெட்டி
எங்கள் கோதுமைக்குள் வடித்துவிட்டார்.
அப்பா வழக்குப் போட்டார்.
பதினோரு வருடம் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.
தேவாலயத்தில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம்.
சாலையில் மட்டும்
இரண்டு விரலும் எழுந்து இறங்கின.
“என்னப்பா இது?” என்று கேட்டேன், எட்டு வயதில்.
“அது வண்டிக்கு” என்றார்.

வான்கூவரில் பஸ் ஓட்டுகிறேன், பத்தொன்பது வருடமாக.
ஓய்வறையில் கேட்பார்கள்:
ஊரை நினைத்தால் எதற்கு ஏங்குவாய்?
வானத்துக்கு என்பேன்.
கேட்பவருக்கு அதுதான் வேண்டும்.
உண்மையில் அங்கே வானம் கொஞ்சம் அதிகப்படி.
அதன் கீழே நான்
கழுவ மறந்த தட்டில் ஒட்டிய பருக்கை.

சொல்லாமல் விடுவது வேறு.
மாட்டைக் கட்டுவதுபோல் காரை
மின்கம்பியில் கட்டிவிட்டுத் தூங்கப்போவது.
மைனஸ் நாற்பதில் முதல் மூச்சுக்கு
மூக்குக்குள் முடி ஒட்டிக்கொள்வது.
கனோலா பூத்தால் பத்து நாள் தும்மல்.
தெற்குக் காற்றில் பன்றிப் பண்ணை நாற்றம்,
அப்போது அம்மா தவறாமல் சொல்வாள்:
“பணத்தின் வாசனை. நம்முடையது இல்லை.”
கல்யாண ஹாலில் நள்ளிரவுக்கு மேல் இரண்டாம் பந்தி,
பெரோகி, பூண்டு மணக்கும் சாசேஜ், புளித்த வெள்ளரிக்காய்,
குடித்தவர்களும் குழந்தைகளும் ஒரே வரிசையில்.

ஆலங்கட்டி ஒருமுறை பன்னிரண்டு நிமிடம் பெய்தது.
அப்பா ஜன்னலில் நின்று பார்த்தார், கையில் தேநீர்.
ஓய்ந்ததும்
“சரி, அறுவடை முடிந்தது” என்றார்.
பிறகு கோப்பையைக் கழுவினார்.
அதற்குமுன் அவர் எதையும் கழுவி நான் பார்த்ததில்லை.
அந்த இலையுதிர்காலம் கிளம்பினேன்.
போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும்.
திரும்பிப் போவாயா என்றால், மாட்டேன்.
ஏக்கம் ஒரு பக்கம்,
எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பல் டாக்டர் ஒரு பக்கம்.

ஞாயிறுதோறும் அக்கா லோர்னா அழைப்பாள்.
பெய்த மழையை மில்லிமீட்டரில் சொல்வாள்.
இங்கே என் கண்ணாடியில் மூன்று வாரமாக வழிகிறது,
அது செய்தியே இல்லை.
அவள் “நாலு” என்றால்
கொஞ்ச நேரம் இருவரும் பேசமாட்டோம்.

வந்த முதல் மாதம்
பாலத்தில் எதிரே வந்த காருக்கு
விரலைத் தூக்கினேன்.
அவன் வேறு விரலைத் தூக்கினான்.
பஸ்காரர்கள் நாங்கள் எதிர்ப்பட்டால்
உள்ளங்கை முழுவதையும் காட்டிக்கொள்வோம்.
நல்ல பழக்கம்தான்.
அதில் கொஞ்சம் சத்தம் அதிகம்.

போன அக்டோபரில் அப்பா.
சவ வண்டிக்குப் பின்னால் லோர்னா ஓட்டினாள்,
நான் பக்கத்து இருக்கையில்.
கல்லறைத் திருப்பத்தில் ஒரு பிக்கப் நின்றிருந்தது,
என்ஜினை அணைத்துவிட்டு.
ஓரெஸ்ட் சடங்குக்கு வரவில்லை. இப்போது இறங்கவும் இல்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.
சவ வண்டி கடந்தபோது
ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது விரல்.
அதே அரை அங்குலம்.
எங்கள் கார் கடக்கும்வரை இறங்கவில்லை.

என் கையில் ஸ்டியரிங் இல்லை.
முழங்கால்மேல் கிடந்த விரல்
தானாக எழுந்ததை லோர்னா பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

பக்கக் கண்ணாடியில், பிறகு,
அவர் வண்டியைக் கிளப்பி வீட்டுப் பக்கம் திரும்பினார்.
புழுதி தரையோடு தரையாக.
அதைப் பார்த்து
ஓரெஸ்ட் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.