பீப் சத்தத்துக்குப் பிறகு

நானூறு கதிரை, ஆறு கூடாரம்,
ஒரு ஜெனரேட்டர், ஒரு பழைய லொறி.
கொட்டகலை டவுனில் எங்கள் கடைக்கு
இவ்வளவுதான் சொத்து.
இதையெல்லாம் விடப் பெரியது
பலகையில் எழுதியிருக்கும் நம்பர்.

போன வெள்ளிக்கிழமை அந்த நம்பருக்கு
ஏழு தடவை அடித்திருக்கிறார்கள்.
நான் சிக்னல் இல்லாத ஒரு மேல்பிரிவில்
சடங்கு வீட்டு வாசலில்
கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இறங்கி வந்து திருப்பி அடித்தபோது
"இனி வேணாங்க, எடுத்தாச்சு" என்றார் ஒருவர்.
அவர் சொன்னது போனை இல்லை.

சாக்கு விரித்து உட்கார்ந்தார்களாம்.
மழை வேறு.

அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன்,
எனக்குப் பதிலாக ஹலோ சொல்ல ஆள்.

ஒரு பிள்ளையைக் கடையில் வைக்கலாம்.
அவள் சம்பளத்துக்கு மாதம் நாலு கல்யாணமாவது வேண்டும்.
வைகாசியில் கிடைக்கும்.
ஆடியில் சாவைத்தான் நம்பியிருக்க வேண்டும்,
அதை நம்பிக் கணக்கு எழுதக் கை வரவில்லை.

கொழும்பில் ஒரு கம்பெனி, மாதம் பன்னிரண்டாயிரம்.
மூன்று மொழியும் பேசுமாம், இராப்பகலாய் விழித்திருக்குமாம்,
முதல் வாரம் இலவசமாம்.
டிரைவர் சதானந்தத்தின் போனை வாங்கி
நானே அடித்துப் பார்த்தேன்.
"வீட்டுல ஒரு பெரிய காரியங்க."
"வாழ்த்துகள் மேடம்! என்ன கலர்ல அலங்காரம் யோசிச்சிருக்கீங்க?"
பாவம், அந்தப் பிள்ளை மேல் பிழையில்லை.
கொழும்பில் பெரிய காரியம் என்றால்
பெரிய காரியம்தானே.

பக்கத்து கம்யூனிகேஷன் ரிஃப்கான்
மெசின் போதும் என்றான்.
தமிழுக்கு இரண்டை அழுத்தவும்,
கல்யாணத்துக்கு ஒன்று, மற்றதுக்கு மூன்று.
விடிய விடிய அழுதவர்களிடம்
அழுத்து என்று சொல்வதா?
"நாலை அழுத்தினா மழை நிக்குமா அக்கா?"
சதானந்தம் கேட்டான், டயரை உதைத்துக்கொண்டே.

கடைசியில் மெசின்தான் வாங்கினேன்.
பொத்தான் ஒன்றும் வேண்டாம்,
என் குரல், ஒரு பீப், அவ்வளவு போதும்.

இரவு கடையை மூடிவிட்டுப் பேச உட்கார்ந்தேன்.
வணக்கம்.
பாடையைச் சுற்றி நிற்கிறவர்களுக்கா?
அழைத்ததற்கு நன்றி.
எதற்கு நன்றி?
மீண்டும் அழையுங்கள்.
ஐயோ, அதை வாயில் வைக்கலாமா?
கதிரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாத வீடுகள் அவை.
சும்மா பீப் மட்டும் வைத்தால்
கல்யாண வீட்டுக்காரர்
கடை திவாலாகிவிட்டது என்று கதை கட்டுவார்.

பதினான்கு தடவை அழித்தேன்.
மிஞ்சியது இவ்வளவுதான்:
"சொல்லுங்க. எத்தன கதிரை, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்.
லொறி வரும்."

செவ்வாய் காலை, சிவப்பு விளக்கு மினுங்கியது.
முதலாவது, காப்புறுதி விற்கிறவர்.
இரண்டாவது, ரிஃப்கான். சோதித்துப் பார்த்தானாம்,
தும்மிவிட்டு வைத்திருக்கிறான்.
மூன்றாவது, ஓர் ஆண் குரல்:
"இருநூறு."
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"வெள்ளத் துணி இருந்தா அதையும்..."
அதோடு சரி. தோட்டத்தின் பேரில்லை.
திருப்பி அடித்தால் போன் ஓஃப்.

இன்னொரு தடவை கேட்டேன்.
இன்னொரு தடவை.
குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை,
மழைக்குப் பின்னால் ஒரு ரயில்
இரண்டு முறை ஊதுகிறது,
சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழையும் முன்
ஊதுகிற மாதிரி.
அந்தப் பக்கம் ரயில் பாதைக்குக் கிட்ட
எனக்குத் தெரிந்து இரண்டே லயங்கள்.

கதிரை ஏற்றி முடித்து
சதானந்தம் ஸ்டியரிங்கில் கை வைத்துக் கேட்டான்,
"எந்தப் பக்கம் அக்கா?"

"கேட்டுக்கிட்டே போவோம்."