முப்பத்தொன்றின் எழுப்புதல்

மலருக்கு ஒரு பக்கம் போதும் என்றார் தலைவர்.
நூறு வருஷம், ஒரு பக்கம்,
அதிலும் வலப்புறம் பேராயரின் படம்.
நான் பொருளாளர். கணக்குத் தெரிந்தவள் என்பதால்
சரித்திரமும் என் தலையில்.

எழுதத் தொடங்கினேன்:
அப்போது வெல்லம்பிட்டி கொழும்பாகவில்லை.
களனி கங்கை பெருகினால் சேறு,
வடிந்தால் கங்குங் கீரை.
கீரை அறுத்தவர்களும் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர்களும்
ஒரு மாட்டுக்கொட்டிலில் கூடி ஜெபித்தார்கள்.
(பெத்லகேம் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.
கொட்டிலுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வாடகை.)

தரங்கம்பாடிப் போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை
தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயிலேறி வருவார்,
அப்பமும் ரசமும் தகரப் பெட்டியில்.
மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் குருபாதம்
யாரோ அச்சிட்ட பிரசங்கத்தை வாசிப்பார்.
வாசிப்பார், அவ்வளவுதான். சொந்தமாய் ஒரு சொல் கூட்டமாட்டாராம்.

1928: ஆர்மோனியத்துக்கு நிதி. வாங்கியது கூரைத் தகரம்.
1929: ஒரே கிண்ணத்தில் குடிக்க மறுத்து
மூன்று குடும்பங்கள் விலகல்.
ஒன்று திரும்பியது. காரணம் எழுதப்படவில்லை.

இதுவரை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

பிறகு ஞானஸ்நானப் பதிவேடு.
2016 வெள்ளத்தில் ஊறிப்போனதை
தாள் தாளாய் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தவள் நான்தான்.
அன்று வாசிக்கவில்லை.

1930: நான்கு.
1931: அறுபத்தொன்று.
1932: மூன்று.

நாற்பது பேர் நெருக்கியடித்து நிற்கும் கொட்டிலில்.

வெள்ளம் நல்ல கணக்காய்வாளர்.
பழைய கறுப்பு மையை அது அசைக்கவில்லை.
முப்பத்தொன்றில் மட்டும் நீலம் கரைந்து
எழுத்துக்களைச் சுற்றி ஆகாயமாய்ப் பரவியிருக்கிறது.
புத்தகத்தின் கடைசித் தாள்களைப் பிரித்து
நடுவில் தைத்திருக்கிறார் யாரோ, வேறு நூலால்.
கையெழுத்து குருபாதத்தினுடையது.
ஆனால் நடுங்குகிறது.
முப்பத்தொன்றில் அவருக்கு வயது முப்பத்து மூன்று.

பெற்றோர் பெயர்கள்:
காத்தாயி, மதுரைவீரன், முனியாண்டி,
ஓரிடத்தில் மீரான்சா.
பிறந்த இடம்: கொழும்பு, கொழும்பு, கொழும்பு,
அறுபத்தொரு முறை.

பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட காலம் அது.
இங்கேதான் பிறந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி
என்று கச்சேரியில் கேட்டால்
கீரைப் பாத்தி சாட்சி சொல்லுமா?
நிலக்கரிக் கூடைக்கு ரசீது உண்டா?

1952, லெந்து காலம்.
போதகர் வேதமாணிக்கம் பதிவேட்டைப் பார்வையிட்டிருக்கிறார்.
அந்தப் புதிய நூல் விரலில் இடறியிருக்கும்.
மீரான்சாவில் கண் நின்றிருக்கும்.
அடியில் எழுதியிருக்கிறார்:
பரிசோதித்தேன். சரி.
கையொப்பம், தேதி.
அன்றைக்கு அப்பம் பிட்டபோது
அவர் முகம் எப்படியிருந்தது என்று குறிப்பில்லை.

எல்லோருக்கும் கிடைக்கவில்லை.
இருபத்தாறு பெயர்களுக்கு எதிரே பின்னாளில்
யாரோ பென்சிலால், சின்ன எழுத்தில்: மண்டபம்.
முகாம் என்று கூட எழுதவில்லை.

மிஞ்சியவர்களில் நாலைந்து பேர்
ஒரு ஞாயிறு வாசலில் வந்து நின்றார்களாம்.
"எங்க பேரு உங்க புத்தகத்துல இருக்காம்."
பின்வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அதில் ஒருவர் என் மாமனார்.
முப்பது வருஷம் மூப்பராக இருந்து, காணிக்கைப் பை ஏந்தி,
அடக்கமும் எங்கள் முறைப்படியே.
அவர் தலையில் ஒருவரும் தண்ணீர் வார்த்ததில்லை என்பது
போன செவ்வாய்க்கிழமை முதல் எனக்குத் தெரியும்.

தலைவர் வாசித்துப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு,
"முப்பத்தொன்றில் அறுபத்தொன்றா?
எழுப்புதல் ஏதும் நடந்ததோ?"

நடந்தது என்றேன்.

"அப்ப அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில போடுவம்."