பத்து மணிக்குப் பிறகு

பிரித்துக்கொண்டபோது
சட்டி பானைக்குச் சண்டை வரவில்லை.
பாலாடைக்கட்டி உருக்கும் சிவப்புச் சட்டி அவனுக்கு,
குக்கரும் அதன் இரண்டு வெயிட்டும் எனக்கு.
நான்கு குறுந்தகடுகளில்தான் தட்டி நின்றோம்,
பாசலில், கிளைபெக் தெருவில், மூன்றாம் மாடியில்,
ஒரு சனிக்கிழமை முழுக்க.

நான்கிலும் ஒரே பாட்டு.
முந்நூறு வருஷத்துக்கு முன்
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எழுதி
திங்களன்று அலமாரியில் போட்டது.
ஒரு தாழ்ந்த குரல், ஓர் ஓபோ,
அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் ஆர்கன்.
சொல்லும் பெரும்பாலும் ஒன்றே: ரூஹெ.
ஓய்வு எனலாம், அமைதி எனலாம்.
என் காதில் அது எப்போதும்
சும்மா இரு.

ஐம்பத்தெட்டில் பதிந்தது என்னுடையது.
முப்பது வயலின். ஏழு நிமிடம் நாற்பது வினாடி.
அந்த அம்மாள் ஒவ்வோர் எழுத்தையும்
பெட்ஷீட் மாதிரி பிழிந்து, உதறி, காயப்போடுவாள்.
சௌக்க காலத்தில் ஊறிய காதுக்கு
வேறென்ன வேண்டும்?
கவுடென்ஸ் சொல்வான்:
இது ஓய்வல்ல, சவப்பெட்டி.

அவனுடையதில் வாத்தியத்துக்கு ஓர் ஆள்.
ஆட்டுக்குடல் தந்தி, அசைவில்லாத குரல்,
நான்கு நிமிடம் ஐந்து வினாடி.
சுருதி அரை ஸ்வரம் கீழே.
அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்பான்,
அன்றைக்கு அங்கே போய்க்
காப்பி குடித்துவிட்டு வந்தவன் போல.
கடைசி ரயிலுக்கு ஓடுகிறவள்
நம்மைச் சும்மா இருக்கச் சொல்கிறாள் என்பேன் நான்.

மூன்றாவதில் பாடுவது ஒரு பையன்.
அவனுக்குப் பாவம் போதாது,
இரண்டு அர்த்தத்திலும்.
இந்தச் சிலேடையை ஜெர்மனில் விளக்கப் போய்
ஒரு ஞாயிறு கெட்டது.

மாறி மாறிப் போடுவோம். ஒரே இடம், ஒரே சொல்,
அங்கே மூச்சு எடுத்தாளா, இங்கே எடுக்கவில்லையா?
கீழ்வீட்டு நூயெஷ் அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்:
ரூஹெ!
ஐந்தாவது பதிவு என்று பெயர் வைத்தோம்.
ஒரு வினாடி. வாத்தியம் இல்லை.
உணர்ச்சி நால்வரையும் விட அதிகம்.

நான்காவது பற்றி வாதாடியதே இல்லை.
ஒரு தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் இரண்டு ஃபிராங்குக்கு எடுத்தது.
ஏதோ மலையூரில், ஆட்களை உட்கார வைத்துப் பதிந்தது.
நாற்காலி கிறீச்சிடும். ஓபோ ஓரிடத்தில் வழுக்கும்.
கடைசி ஸ்வரத்துக்கு முன்
ஒரு குழந்தை இருமும்.
பாடுகிறவள் காத்திருப்பாள்.
இருமி முடியட்டும் என்று, அவசரமே இல்லாமல்,
ஓபோவும் காத்திருக்கும், ஆர்கன்காரர் பாதம் தூக்கியபடி,
பிறகுதான்
அந்த ஸ்வரத்தை இறக்கி வைப்பாள்.

இது உனக்கு வேண்டாம்தானே, என்றான்.
வேண்டாம், என்றேன்.
பெட்டியை எடுத்துக்கொண்டான்.

நவம்பரில் ஒருநாள்
பிளேயரின் தட்டை முதல்முறை திறக்கிறேன்.
உள்ளே அது.
எட்டு மாதமாக
இருட்டில் படுத்திருக்கிறது.
காலிப் பெட்டி கூர் நகரத்தில்.
அவள் பெயர் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது,
நான் ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை.
பெயர் கேட்டு ஒரு வரி தட்டினேன்.
அழித்தேன்.
அவன் திறந்து பார்த்திருப்பான். அவனும் கேட்கவில்லை.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து.
பத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில்
துணிகூடத் துவைக்கக் கூடாது.
அவனுடையதாக இருந்தால் முடிந்துவிடும்,
பல் தேய்க்கக்கூட நேரம் மிஞ்சும்.
இது ஆறு நிமிடம் பத்து.
குழந்தை இருமும்போது
பத்து தாண்டியிருக்கும்.

ஒலியைக் குறைக்கவில்லை.
இடிப்பதானால்
அந்த இடத்தில் இடிக்கட்டும் நூயெஷ் அம்மாள்.
அவள் அதற்கும் காத்திருப்பாள்.