நூற்று இருபத்து நான்கு

டாட்மோர்டனில் ரயில் பால வளைவுக்குக் கீழே என் பட்டறை.
தரையில் பதித்த இரண்டு உருளைகள்.
காரை அவற்றின் மேல் ஏற்றிக் கட்டிவைத்து
நின்ற இடத்திலேயே மலையேற விடுவேன்.
திரையில் ஒரு கோடு எழும். கோட்டின் உச்சியில் ஓர் எண்.
அந்த எண்ணுக்காகத்தான் வருகிறார்கள்.
பாதிப்பேர் முகம் தொங்கித் திரும்புகிறார்கள்.

மெரியல் ஹாக்ஸ்வொர்த் ஒரு பிப்ரவரிக் காலை வந்தார்.
துணிக் கூரை, இரண்டே இருக்கை, ஆயிரத்து அறுநூறு சி.சி.
மடியில் பழைய பிஸ்கட் டப்பா.

போன வருஷத் தாளையும் கொண்டு வந்திருந்தார்:
நூற்று எட்டு குதிரை.
அதற்கப்புறம் பளபளவென்று ஒரு ஏர் ஃபில்டர் வாங்கி மாட்ட,
அது ரேடியேட்டர் சூட்டைக் குடித்து
மூன்று குதிரையை விழுங்கியது.
தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த குதிரை.
பிறகு கேம்ஷாஃப்ட். பிறகு நீண்ட புகைக்குழாய்.
பிறகு சிலிண்டருக்கு ஒன்றாய் நான்கு திராட்டில்.
ஒவ்வொரு குதிரைக்கும் ஆனை விலை.

"டர்போ வைத்துவிடுங்களேன், ஒரே வாரத்தில் இருநூறு."
வழக்கமாய்ச் சொல்வதைத்தான் சொன்னேன்.
"என் வாத்தியத்தில் இன்னொருத்தர் ஊத
நான் விரலை மட்டும் அசைக்கவா?"

அப்புறம்தான் தெரிந்தது,
ஊர்ப் பித்தளை பாண்டில் யூஃபோனியம் வாசிக்கிறவர்.

டப்பாவைத் திறந்தார்.
பன்னிரண்டு அலுமினியக் கொம்புகள், நான்கு நான்காய் மூன்று அளவு.
சமையல் மேஜையில் வைத்து அறுத்து
அரம் போட்டு, வாயை வெளியே மடித்துச் செய்தவை.
"வால்வு சட்டென்று மூடுகிறது. வந்த காற்று முட்டித் திரும்புகிறது.
கொம்பின் வாய்வரை போய், மறுபடி உள்ளே வருகிறது.
வரும் நேரம் கதவு திறந்திருந்தால்
காசில்லாமல் ஒரு வாய் காற்று."
நாற்பது பைண்ட் பால் வாங்கக் கணக்குப் பார்ப்பவர் மாதிரி
சாதாரணமாய்ச் சொன்னார்.

குட்டைக் கொம்பு முதலில்.
ஏழாயிரத்து இருநூறு சுற்றில் நூற்று முப்பத்தொன்று.
நான் விசிலடித்தேன்.
அவர் திரையைப் பார்க்கவேயில்லை;
காதுக் கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டு
முன்சக்கரத்தருகே தலை சாய்த்து நின்றார்.
"நடுவில் ஒரு சுருதி விழுகிறது."
கோட்டைப் பெரிதாக்கினேன்.
நாலாயிரத்து எண்ணூறில் குழி.
இருபது வருஷமாய்
கண்ணால் மட்டும்தான் எஞ்சின் கேட்டிருக்கிறேன்.

நடு அளவு. பிறகு நீளம்.
ஒவ்வொரு முறையும் பெட்ரோல் கணக்கை
சுற்று சுற்றாய்த் திருத்தி எழுத வேண்டும்;
மதியச் சாப்பாடு போயிற்று, வெளிச்சமும் போயிற்று.
இக்னிஷனை ஒரு டிகிரி முன்னால் தள்ளியபோது
உள்ளே கூழாங்கல் குலுங்கியது.
இருவரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினோம்.
பின்வாங்கினேன்.

நீளக் கொம்பில் நூற்று இருபத்து நான்கு.
உச்சியில் ஏழு குதிரை குறைவு.
ஆனால் மூவாயிரத்திலிருந்து கோடு
நன்றாய்த் தூங்கி எழுந்தவன் முதுகைப்போல் நிமிர்ந்து போனது.

"இதுதான்."
"முப்பத்தொன்று வேண்டாமா? வெளியே சொல்லிக்கொள்ள?"
"வியாழக்கிழமை ஒத்திகை மேட்டுக்கு அந்தப் பக்கம்.
மூன்றாம் கியர், மழை, பின்னால் யூஃபோனியம்.
ஏழாயிரத்துக்குப் போக அங்கே சாலை ஏது?"

பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
இருநூற்று எண்பது பவுண்டு, இருபது பவுண்டுத் தாள்களாக.
கூரையைத் திறந்துவிட்டுத்தான் கிளம்பினார்,
உறைபனிக்கு இரண்டு டிகிரியே மிச்சமிருந்தும்.
குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று;
இன்று இரவு எஞ்சினுக்கு ஒரு குதிரை கூடவே கிடைக்கும்.
அதற்கு நான் பில் போடவில்லை.

மேட்டு வளைவுகளில் அந்தச் சத்தம்
நெடுநேரம் கேட்டது. எங்கும் விழவில்லை.

பெஞ்சில் ஒரு குட்டைக் கொம்பை விட்டுப் போயிருந்தார்.
ஷட்டரை இறக்கிவிட்டு, யாருமில்லையென்று பார்த்துவிட்டு
வாயில் வைத்து ஊதினேன்.
எச்சில் தெறித்தது.
அலுமினியம் நாக்கில் கசந்தது.
மறுபடி ஊதினேன்.