என்ன நட்சத்திரம்?

ஆறுகாட்டுத்துறையில் வலை உதறிய சிங்காரவடிவேல்
நண்டுக் கழிவோடு ஒதுங்கியதை
வாளித் தண்ணீரோடு நீட்டினார்.
"நட்சத்திரம்." அவ்வளவுதான்.
என்ன நட்சத்திரம் என்றேன்.
"ஏன், பொருத்தம் பாக்கப் போறியளா?"

திருத்துறைப்பூண்டி வரை
ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வாளி.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
கணுக்காலில் கொஞ்சம் கடல்.

உடனே தொட்டியில் விடக் கூடாது.
காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு
சொட்டு, சொட்டு, சொட்டாக
தொட்டித் தண்ணீரை வாளிக்குள் இறக்கினேன்.
மூன்று மணி நேரம்.
அதற்குள் சோறு வடித்து, சாப்பிட்டு,
இரண்டு முறை தூங்கி விழுந்தேன்.

கைகளை எண்ணிப் பயனில்லை, அநேகமாக ஐந்துதான்.
நிறத்தையும் நம்ப முடியாது,
ஒரே இனம் நாலு நிறத்தில் வரும்.
கவிழ்த்துப் பார்க்க வேண்டும்,
தண்ணீருக்குள்ளேயே. காற்றில் தூக்கக் கூடாது.

கவிழ்த்தேன்.
ஐந்து வாய்க்கால்.
முதுகில், நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி
அரிசிப் பொட்டு அளவில் ஒரு மதகு.
கடல் அதன் வழியே உள்ளே போய்
கை கைக்குப் பிரிந்து பாய்கிறது.
இரத்தம் என்று தனியாக ஒன்று ஓடவில்லை.
பாசனம்தான்.
கரை நெடுக நெருங்கி நிற்கும் கால்களில்
உறிஞ்சும் வட்டம் இல்லை, கூர் நுனி.
எனவே கண்ணாடி ஏறாது.
கை விளிம்பில் சீப்புப் பல்லாக முள்.
விட்ட பத்தாவது நிமிடம் மணலுக்குள் இறங்கிவிட்டது.
மணல் சலிப்பது. இனப் பெயர்
இன்னும் தெரியவில்லை.

கண் எங்கே என்று தேடினேன்.
ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சிவப்புப் புள்ளி.
கடைமடையில் கண்.
உப்பு கூடினாலோ குறைந்தாலோ
முதலில் சுருங்குவதும் அந்த நுனிதான்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பகலில் நான் மண் பரிசோதனை நிலையத்தில்.
தலைஞாயிறு, வாய்மேடு, ஆலங்காடு என்று
பாலித்தீன் பையில் வயல்கள் வரும்.
கரைப்பேன், மின்முனை வைப்பேன், எண்ணைச் சொல்வேன்.
எண்ணைக் கேட்டவர்
பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.
இரவில் அதே கை
நல்ல தண்ணீரில் உப்பை அள்ளிப் போடும்.
கேன் போடும் அசாருதீனுக்கு இது தாங்கவில்லை:
"தெருவுக்கே போர்ல உப்புத் தண்ணி,
நீங்க காசு குடுத்துக் கலக்குறீங்க!"

இதற்கு முன் ஒன்று இருந்தது.
மீனின் வெள்ளைப்புள்ளிக்குச் செம்பு மருந்து ஊற்றினேன்.
மீன் பிழைத்தது. விடிகாலையில்
தொட்டி மூலையில் ஒரு வெள்ளைக் குழைவு.

இது மூன்றாம் மாதத்தில் மெலிந்தது.
மணலில் இருந்த புழு, பொடி நத்தை
எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தது.
புதைந்தே கிடப்பதின் பட்டினி வெளியே தெரியாது.
இப்போது இரண்டு நாளுக்கொரு முறை
இடுக்கியில் மட்டிச் சதையை
அதன் அடியில் செருகுகிறேன்.
ஓட்டோடு கொடுத்தால் அப்படியே விழுங்கி
ஓட்டை மட்டும் பிறகு வெளியே தள்ளும்.

நேற்று எட்டரைக்குக் கரண்டு போனது.
இன்வெர்ட்டர் பத்தரை வரை தாங்கியது.
பிறகு நானும் குவளையும்:
மொள்வது, உயரத்திலிருந்து ஊற்றுவது, மொள்வது.
ஒளிமானியை டார்ச்சில் பார்த்துக்கொண்டிருந்தபோது
போன். வாய்மேடு பக்கிரிசாமி.
"மன்னிக்கணும் மேடம், தூக்கம் வரல.
நம்ம வயல்ல உப்பு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு தவளை மட்டும் கேட்டது.
"அப்ப அது கடலுல்ல?"

ஐயோ, இல்லைங்க. அது இங்க. எங்க வீட்டுல.
உங்களுது நாலரை.
"நாலரை" என்று சொல்லிப் பார்த்தார்,
அது குறைவா கூடவா என்று தெரியாத குரலில்.
கூட என்றேன். தாங்குற ரகம் இருக்கு என்றேன்.
காலையில் வரச் சொன்னேன்.
"வீட்டுல எதுக்கு மேடம் கடல்?"
என்னிடம் பதில் இல்லை.

குவளையை மறுபடி எடுத்தபோது
மணல் ஓரிடத்தில் மட்டும் புடைத்தது.
ஒரு கை நுனி வெளியே வந்து
டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தது,
அல்லது பார்த்ததாக எனக்குப் பட்டது.