குடிகாட்டுக் கனிமம்

அஞ்சலாட்சியின் கொலுசு
மூன்றே மாதத்தில் கறுத்தது.
திருப்பாதிரிப்புலியூர் அடகுக்கடையில்
கல்லில் உரசிப் பார்த்தார்கள்.
"வெள்ளி சுத்தம்தான். உங்க ஊரு காத்துதான்..."

மலைக்கடியில் இதற்கு
வெந்நீர் வேண்டும், கந்தகம் வேண்டும்,
பாறைப் பிளவில் யுகக்கணக்காய் இருட்டு.
கனசதுரமாய்ப் பிறக்கும்;
நூற்று எழுபத்து மூன்று பாகைக்குக் கீழே ஆறினால்
உள்ளே வரிசை மாறிவிடும்,
வெளியே பழைய சதுரம் அப்படியே நிற்கும்.
கத்தி வைத்தால் ஈயம்போல் சீவ வரும்.

குடிகாட்டில் மலை இல்லை.
உப்பனாற்றுப் பக்கம் ஒரு ஜன்னல்,
சிப்காட்டின் இரவு ஷிப்ட்,
தூங்குகிறவளின் கணுக்கால்.
போதும்.

அலுமினியத் தாள், சோடா உப்பு,
கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்.
கொலுசு வெளுத்தது.
சட்டியிலிருந்து எழுந்தது
அழுகிய முட்டை வாடை,
எந்த ராத்திரியுடையதோ.

போகட்டும் என்று
அதே ஜன்னலைத் திறந்தாள்.